உடுக்கையும் ஊடுகதிரும்

"சார், கோடாங்கியும் கண்ணுக்குத் தெரியாததைச் சொல்கிறார். டாக்டரும் கண்ணுக்குத் தெரியாததைத்தான் சொல்கிறார். ரெண்டு பேரையும் நம்பத்தானே வேண்டியிருக்கு? இதிலே எது சார் பகுத்தறிவு?"

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் நம்மை நோக்கித் தொடுத்த வினா இது. மேடையிலே எத்தனையோ வினாக்களைச் சந்தித்திருக்கிறோம். கேலி கலந்த வினாக்களுக்குக் கேலியாகவே விடையளித்துக் கைதட்டலும் பெற்றிருக்கிறோம். இந்தச் சிறுவனின் வினாவிலே கேலி இல்லை. கவலை இருந்தது. ஆகவேதான் அது நம்மை உறங்கவிடவில்லை.

நிகழ்ந்ததைக் கூறுகிறோம். கோவில்பட்டியை அடுத்த கரிசற் சிற்றூர் ஒன்றிலே நமக்கு ஆசிரியப் பணி. வானம் பார்த்த பூமி. மழை வந்தால் பருத்தியும் உளுந்தும். வராவிட்டால் வெடித்த நிலமும் வேலிக்கருவையும். நிலம் கைவிட்ட வீடுகளுக்குத் தீப்பெட்டி ஆபீஸ்தான் கஞ்சி வார்க்கிறது. அப்படித் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகும் பெண்களுள் ஒருத்தி, அந்த மாணவனுடைய அக்காள். பத்தொன்பது வயது. ஒரு நாள் மாலை, வேலை முடித்து வீடு திரும்பியவள் வாசற்படியிலேயே விழுந்தாள். வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. வாயிலே நுரை தள்ளிற்று. சில நிமிடங்களில் எல்லாம் அடங்கிற்று. அவளுக்கு ஏதும் நினைவில்லை.

ஊர் கூடிற்று. உச்சி வேளையில் ஓடைக்கரை வழியே நடந்தாள், முனி அடித்துவிட்டது என்றனர். கோடாங்கி வந்தார். இரவெல்லாம் உடுக்கை முழங்கிற்று. கறுப்புச் சேவல் ஒன்று உயிர் விட்டது. கயிறு ஒன்று பெண்ணின் கையில் ஏறிற்று. மூன்று வாரம் கழித்து மறுபடியும் வலிப்பு. இம்முறை அடுப்படியில்! முழங்கை வெந்துபோயிற்று. அதற்குப் பிறகே நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். அங்கே தலையை 'ஸ்கேன்' எடுத்தார்கள். கறுத்த தாளிலே சாம்பல் நிற மூளை. அதிலே பச்சைப் பயறு அளவு ஒரு வெள்ளை வளையம். "மூளைக்குள் ஒரு புழுவின் கூடு. மாத்திரை சாப்பிட வேண்டும்" என்றார் மருத்துவர்.

தாய் வீடு திரும்பிச் சொன்னாளாம்: "கோடாங்கி சொன்ன முனியையும் நான் பார்க்கலை, டாக்டர் சொன்ன புழுவையும் நான் பார்க்கலை." அந்தச் சொல்லைத்தான் மகன் வகுப்பறைக்குக் கொண்டுவந்தான்.

நாம் என்ன விடை சொன்னோம்? வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். "கோடாங்கி ஏமாற்றுக்காரன், மருத்துவர் படித்தவர், இதுகூடத் தெரியாதா?" என்றோம். சிறுவன் விடவில்லை. "அந்த மிஷின் எப்படி சார் தலையை வெட்டாமல் உள்ளே பார்க்குது?" என்றான். நமக்குத் தெரியவில்லை! கல்லூரியிலே இலக்கியமும் வரலாறும் கற்ற நமக்கு, ஊடுகதிர் என்ற பெயர் தெரியும். அதன் வழி தெரியாது. "அது பெரிய விஞ்ஞானம், உனக்குப் புரியாது" என்று கூறி மணியடிக்கும்வரை பாடத்தை ஓட்டினோம்.

வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தபோது சுட்டது. 'உனக்குப் புரியாது, நம்பு' என்பதுதானே கோடாங்கியின் வாசகம்! அவர் உடுக்கையைக் காட்டிச் சொன்னார். நாம் கருவியைக் காட்டிச் சொன்னோம். அவ்வளவுதானே வேறுபாடு? பகுத்தறிவின் பெயராலே ஒரு புதிய பூசாரித்தனத்தையல்லவா அந்த வகுப்பறையில் நாம் நடத்தினோம்?

தோழர்களே! இந்தக் கேள்வியை நாம் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். "நீங்கள் அணுவை நம்புகிறீர்கள், அது தெரிகிறதா? மின்சாரத்தை நம்புகிறீர்கள், அது தெரிகிறதா? பிறகு ஏன் பேயை நம்பக்கூடாது?" என்று கேட்பவரை நாம் எத்தனை முறை சந்தித்திருக்கிறோம்! அவரிடம், "கண்ணாலே கண்டால்தான் நம்புவோம்" என்று மார்தட்டி எத்தனை முறை தப்பித்திருக்கிறோம்! அந்த விடை தவறு. முற்றிலும் தவறு. கண்ணுக்குத் தெரியாத உண்மைகள் கோடி. கண்ணுக்குத் தெரிந்த பொய்களும் கோடி. கானல் நீரைக் கரிசற் காட்டான் அறியாதவனா? கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிமார் சொல்லிவைத்தது வெறும் ஒப்புக்கா?

தொலைவுக்குப் போகவேண்டாம். பள்ளிக்கூடச் சுவருக்கு அப்பால் நிற்கும் பருத்திச் செடியின் இலையைக் கிள்ளிக் கையில் எடுத்துக்கொள்வோம். பச்சை தெரிகிறது. அந்தப் பச்சைக்குள்ளே என்ன நடக்கிறது என்பது தெரிகிறதா? ஒளியைப் பிடித்து உணவாக்கும் வேலை, இலையின் உயிரணுக்களுக்குள் இருக்கும் பசுங்கணிகங்களில், அடுக்கடுக்கான மெல்லிய படலங்களில் தொடங்குகிறது. அந்தப் படலத்தின் கனம், ஒரு மில்லி மீட்டரை இரண்டு இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு அளவு. படலத்தின் ஒரு பக்கம் ஹைட்ரஜன் அயனிகள் அணைக்கட்டு நீர்போலத் தேங்குகின்றன. மறுபக்கம் பாயும்போது அந்தப் பாய்ச்சலிலிருந்து செடி தன் ஆற்றலைப் பெறுகிறது. அணை கசிந்தால் ஆற்றல் இல்லை; ஆற்றல் இல்லையேல் பருத்தியும் இல்லை, பயறும் இல்லை, நாமும் இல்லை.

அந்த அணை எதனால் கட்டப்பட்டது? கொழுப்பினாலும் புரதத்தாலும். நம் உடலின் படலங்களில் மிகுதியாக இருப்பது பாஸ்பரம் சேர்ந்த கொழுப்பு. பசும்படலத்திலோ, பாற்சர்க்கரையின் ஒரு பாதியான காலக்டோஸ் என்ற சர்க்கரை சேர்ந்த கொழுப்புகளே மிகுதி. கந்தகம் சேர்ந்த கொழுப்பும் ஓரளவு உண்டு. இதை எவர் கண்டார்? எந்தக் கண் கண்டது? எந்தக் கண்ணும் நேரே காணவில்லை. 1940-இல் மார்ட்டின் காமனும் சாம் ரூபனும் அமெரிக்காவின் பெர்க்கிலியில் கரி-14 என்ற கதிரியக்கக் கரியணுவைக் கண்டறிந்தனர். அந்தக் கரியணுவைக் கொண்ட காற்றைப் பாசிக்கு ஊட்டி, அது எந்தெந்தப் பொருளிலே போய்ச் சேர்கிறது என்று தேடிய ஆய்வாளர்களுள் ஒருவர் ஆண்ட்ரூ பென்சன். பாசியின் சாற்றைத் தாளிலே ஊறவிட்டுப் பொருள்களைத் தனித்தனித் திட்டுகளாகப் பிரித்து, அந்தத் தாளின்மேல் ஊடுகதிர்ப் படச்சுருளை வைத்து இருட்டிலே மூடிவைத்தனர். கதிரியக்கம் பட்ட இடம் கறுத்தது. கறுத்த புள்ளிகளைப் பின்தொடர்ந்து பொருள்களை அடையாளம் கண்டனர். அந்தக் கந்தகக் கொழுப்பை 1959-இல் பென்சன் குழு உலகுக்கு அறிவித்ததும் இவ்வகைத் தேடலின் பயனே. மருத்துவமனையில் எலும்பைக் காட்டும் அதே வகைப் படச்சுருள், இங்கே இலையின் கமுக்கத்தைக் காட்டிக்கொடுத்தது!

இதிலே நம் கரிசலுக்கும் ஒரு செய்தி உண்டு. கரிசல் சுண்ணாம்புச் சத்து மிக்க மண். இட்ட பாஸ்பரத்தின் பெரும்பங்கைச் சுண்ணாம்பு பிடித்துவைத்துக்கொள்ளும்; வேருக்குக் கிடைப்பது கொஞ்சம். பாஸ்பரம் பற்றாத செடி என்ன செய்யும்? தன் படலங்களிலுள்ள பாஸ்பரக் கொழுப்பைக் குறைத்து, அந்த இடத்திலே பாஸ்பரம் வேண்டாத சர்க்கரைக் கொழுப்பை வைத்துக்கொள்ளும். மிச்சமான பாஸ்பரத்தை வேறு வேலைக்குக் கொடுக்கும். பசுங்கணிகத்துக்கு வெளியே உள்ள படலங்களிலும் இந்த மாற்றம் நடப்பதை 2000-ஆம் ஆண்டில் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியிலே ஆய்வாளர் காட்டினர். செடிக்குள் நடக்கும் இந்தச் சிக்கனத்தை எந்த உழவனும் கண்டதில்லை. ஆனால் விளைவை அவன் ஒவ்வோர் ஆண்டும் காண்கிறான். மழை பொய்த்தபோது கொடும்பாவி கட்டி இழுத்து அழுத இதே சீமையிலேதான், கோவில்பட்டியில், 1901-ஆம் ஆண்டிலேயே ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. ஒன்று தெரியாத காரணத்துக்கு ஒரு பொம்மையைச் செய்து எரித்தது. மற்றொன்று தெரியாத காரணத்தை வயலிலே விதைத்து, அளந்து, எழுதி, மறு ஆண்டும் விதைத்துப் பார்த்தது.

ஆக, 'தெரிகிறதா, தெரியவில்லையா' என்பது வினாவே அன்று. 'தெரியாததை எப்படித் தெரிந்துகொண்டாய், அந்த வழியைக் காட்டு' என்பதே வினா. இந்தத் தெளிவு வந்த பிறகு, மாணவன் கேட்ட இயந்திரத்தின் வழியை நாமே கற்கத் தொடங்கினோம். கற்றதைக் கூறுகிறோம்.

1895 நவம்பரில் ஜெர்மனியின் ரான்ட்கன் ஊடுகதிரைக் கண்டார். உடலை ஊடுருவும் அந்தக் கதிர், எலும்பிலே தடைப்பட்டு நிழல் வீழ்த்துகிறது. நிழலிலே ஒரு குறை உண்டு. சுவரிலே விழும் நம் நிழலைப் பாருங்கள்: முன்னே நீட்டிய கையும் பின்னே இருக்கும் முதுகும் ஒன்றாகிவிடுகின்றன. அதுபோல, மண்டையோட்டின் நிழலிலே மூளை மறைந்துபோகிறது. ஒரு பக்கத்து நிழல் போதாது. பல பக்கத்து நிழல் வேண்டும். பல நிழல்களிலிருந்து உள்ளிருக்கும் உருவத்தை எப்படி மீட்பது?

இதை வகுப்பிலே நான்கு எண்களால் நடத்திக் காட்டினோம். கரும்பலகையில் ஒரு சதுரம் வரைந்து நான்கு அறைகளாக்கினோம். நான்கு அறையிலும் நான்கு எண்களை எழுதி அட்டையால் மூடிவிட்டோம். "உள்ளே இருப்பதை நான் சொல்லமாட்டேன். மேல் வரிசையின் கூட்டுத்தொகை 8. கீழ் வரிசை 9. இடப் பத்தி 5. வலப் பத்தி 12. உள்ளே என்ன?" என்றோம். ஒருத்தி எழுந்து, மேலே 4, 4. கீழே 1, 8 என்றாள். கூட்டிப் பாருங்கள், எல்லாம் பொருந்துகிறது. இன்னொருவன் எழுந்து, மேலே 3, 5. கீழே 2, 7 என்றான். அதுவும் பொருந்துகிறது! இருவரும் மெய்யாக இருக்க முடியாதே! "இன்னும் இரண்டு பக்கம் பார்ப்போம்" என்றோம். இடமேலிருந்து வலக்கீழ் வரை, கோணலாகக் கூட்டினால் 10. மற்றக் கோணலில் 7. உடனே முதல் விடை வீழ்ந்தது. இரண்டாம் விடை நின்றது. அட்டையை எடுத்தோம்: 3, 5, 2, 7. வகுப்பே ஆரவாரித்தது. அக்காளுக்காகக் கவலைப்பட்ட அந்தச் சிறுவன் மட்டும் ஆரவாரிக்கவில்லை. "அட்டையை எடுக்கும் முன்பே நமக்குத் தெரிஞ்சு போச்சே, சார்!" என்று மெல்லச் சொன்னான்.

ஆம்! அட்டையை எடுக்கும் முன்பே தெரிந்துவிட்டது. மண்டையைத் திறக்கும் முன்பே தெரிந்துவிட்டது. எவருடைய அருளாலும் அன்று; கூட்டல் கழித்தலால். தலையைச் சுற்றிப் பல நூறு கோணங்களிலிருந்து கதிரைச் செலுத்தி, ஒவ்வொரு கோட்டிலும் எவ்வளவு தடைப்பட்டது என்ற கூட்டுத்தொகையை எடுத்து, உள்ளே ஒவ்வோர் அறையிலும் என்ன என்று கணக்கிடுவதுதான் சி.டி. ஸ்கேன். நான்கு அறைக்குப் பதில் இலட்சக்கணக்கான அறைகள். அவ்வளவே.

இந்தக் கணக்கின் வரலாற்றைக் கேளுங்கள். 1917-இல் ஆஸ்திரியக் கணித அறிஞர் ராடோன், கோடுகளின் கூட்டுத்தொகையிலிருந்து உள்ளுருவை மீட்கலாம் என்று கணிதமாகவே நிறுவினார்; மருத்துவத்தை அவர் நினைக்கவில்லை. 1960-களில் கார்மக் என்பவர், ராடோனை அறியாமலே மருத்துவத்துக்கென அதே வினாவைக் கணக்கிட்டார். 1967-இல் பிரேஸ்வெல், வானொலி அலைகளால் வானத்தை ஆராய்ந்தவர், விண்பொருளின் உருவத்தை மீட்க ஒரு முறை கண்டார். 1971 அக்டோபர் முதல் நாள், இலண்டன் மருத்துவமனை ஒன்றிலே, ஹவுன்ஸ்பீல்டு அமைத்த இயந்திரம் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படமெடுத்தது.

அதே 1971-இல், நம் நாட்டிலிருந்து ஓர் ஆய்வுரை வெளியாயிற்று. எழுதியவர் இருவர்: ஜி. என். இராமச்சந்திரன், ஏ. வி. லட்சுமிநாராயணன். எர்ணாகுளத்தில் பிறந்து, 1952 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறையை வளர்த்து, தோலும் எலும்பும் தாங்கும் கொலாஜன் என்ற புரதத்தின் மூவிழை வடிவத்தைக் கோபிநாத் கர்த்தாவோடு அங்கிருந்தே கண்டு சொன்னவர் இராமச்சந்திரன். பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குச் சென்றார். நிழல்களை அப்படியே திருப்பிப் பரப்பி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் உருவம் கிடைக்கும். ஆனால் மை ஊறிய எழுத்துப்போல மங்கலாகக் கிடைக்கும். அந்த மங்கலைப் போக்க அப்போது நெடிய கணக்குகள் தேவைப்பட்டன. இவ்விருவரும் ஒரு குறுக்கு வழியைத் தந்தனர். ஒவ்வொரு நிழலையும் பரப்புவதற்கு முன்பே, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அக்கம்பக்கத்து அளவுகளைக் குறிப்பிட்ட விகிதத்தில் கழித்துத் திருத்திவிடு, பிறகு பரப்பு, மங்கல் தானே போய்விடும் என்றனர். கணக்கு சுருங்கிற்று, வேகம் பெருகிற்று. இந்த வகை முறையே பின்னர்ப் பல்லாண்டுகள் உலகெங்கும் ஸ்கேன் இயந்திரங்களின் உயிர்நாடியாயிற்று. அந்தத் திருத்தும் அளவுகோலுக்கு இன்றும் 'ராம்-லாக்' என்று இருவர் பெயரின் தலைப்பெழுத்துகளே வழங்குகின்றன. 1979-இல் கார்மக்குக்கும் ஹவுன்ஸ்பீல்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

'பார்த்தீர்களா, நம்மவர்!' என்று தோள்தட்ட இதைக் கூறவில்லை. கூறுவதற்குக் காரணம் வேறு. வியன்னாவிலே பயின்ற ஒருவர், தென்னாப்பிரிக்காவிலிருந்து சென்ற ஒருவர், வானத்தை நோக்கிய ஒருவர், சென்னையிலே புரதத்தை நோக்கிய ஒருவர். மொழி வேறு, நாடு வேறு, மதம் வேறு, நோக்கம் வேறு. ஒருவர் சொன்னதை மற்றவர் அறியாமலே தேடியவரும் உண்டு. ஆயினும் அத்தனை பேரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தனர்! கோடாங்கிகளை இவ்வாறு சோதித்துப் பாருங்கள். ஒரே பெண்ணை, ஒருவரையொருவர் அறியாத நான்கு ஊர்க் கோடாங்கிகளிடம் காட்டுங்கள். ஒருவர் முனி என்பார். ஒருவர் செய்வினை என்பார். ஒருவர் செத்துப்போன சித்தி என்பார். ஒருவர் குலதெய்வக் குற்றம் என்பார். நான்கும் எப்போது ஒன்றாகும்? ஒன்றாகவே ஆகா. ஏனெனில் அங்கே நடந்து சேரும் வழி எதுவும் இல்லை. சொல்பவரின் வாய் ஒன்றே உண்டு.

வழி எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்பது முதல் வேறுபாடு. வழியிலே தவறினால் தவறினேன் என்று ஒப்புக்கொள்வது இரண்டாம் வேறுபாடு. இதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. வலிப்பு வந்தவர்களின் மூளையிலே ஒற்றைச் சிறு வளையம் ஒன்று ஸ்கேன் படத்தில் தெரிவது நம் நாட்டிலே பரவலாகக் கண்டறியப்பட்ட காலத்தில், அது காசநோய்க் கட்டி என்று மருத்துவர் பலர் கருதினர். காசநோய் மருந்தும் கொடுத்தனர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலிய அறுவை மருத்துவர்கள், அந்தக் கட்டிகளை எடுத்து நுண்ணோக்கியிலே பார்த்தனர். பலவற்றில் இருந்தது காசநோய் அன்று. பன்றி நாடாப்புழுவின் இளம்பருவக் கூடு! 1989-இல் அதை வெளியிட்டனர். நிழற்படம் பொய் சொல்லவில்லை. நிழற்படத்தைப் படித்த மனிதர் தவறாகப் படித்தார்கள். தவற்றைக் கண்டவர்களும் அதே மருத்துவர் கூட்டத்தினர்தாம்! முன்னோர் சொன்னதாயிற்றே என்று மூடிவைக்கவில்லை; பெரியவர் மனம் நோகுமே என்று மென்று விழுங்கவில்லை. 'தவறு' என்று அச்சிலே ஏற்றினர். அந்தத் திருத்தத்தின் பயனைத்தான், இத்தனை ஆண்டு கழித்து, நம் மாணவனின் அக்காள் பெற்றாள். தான் தவறியதாக எழுதிவைத்த கோடாங்கி ஒருவரையேனும் காட்டமுடியுமா?

மூன்றாவது ஒன்றும் உண்டு. அது நம்மையே குத்துவது. "இப்போது அந்தப் பெண்ணுக்குக் குணமாகிவிட்டதா?" என்று கேட்பீர்கள். மாத்திரை சாப்பிடுகிறாள், ஏழு மாதமாக வலிப்பு இல்லை. 'ஆகவே விஞ்ஞானம் வென்றது' என்று முழங்க நாக்குத் துடிக்கிறது. முழங்கமாட்டோம். ஒருத்தி குணமானாள் என்பதே மெய்ப்பிப்பு என்றால், கோடாங்கியிடமும் குணமானவர்களின் பட்டியல் உண்டு. மேலும் இத்தகைய ஒற்றைக் கூடு, பலருக்குத் தானே சில மாதங்களில் கரைந்துபோவதும் உண்டு. சேவல் அறுத்த மறுவாரம் அது கரைந்திருந்தால், புகழ் யாருக்குப் போயிருக்கும்? ஆகவே, பலன் ஒன்றையே காட்டி நம்பச் சொல்வது நம் வழியாக இருக்கக்கூடாது. எத்தனை பேருக்கு, எந்த மருந்தால், மருந்தில்லாமல் எத்தனை பேருக்கு என்று எண்ணிப் பார்ப்பதே நம் வழி. நமக்குச் சாதகமான பொய்யையும் மறுப்பவனே பகுத்தறிவாளன்.

அதுபோலவே, இயந்திரத்தையும் சாமியாக்கிவிடக்கூடாது. இன்று நகரங்களிலே, தலைவலி என்றாலே ஸ்கேன் வேண்டும் என்று கேட்போரும் உண்டு. வேண்டாத இடத்திலும் எடுத்துக் காசாக்குவோரும் உண்டு. சி.டி. ஸ்கேனின் கதிரளவு, மார்புக்கு எடுக்கும் சாதாரண ஊடுகதிர்ப் படத்தைப்போலப் பல மடங்கு. 'இது எனக்கு ஏன் தேவை? இதனால் என்ன தெரியும்?' என்று கேட்காமல் தலையைக் கொடுப்பவன், தாயத்துக்குக் கையை நீட்டியவனின் தம்பிதான்.

இனி, நெஞ்சிலே தைத்த முள்ளைப் பற்றி. அந்தப் பெண் முதல்முறை விழுந்த இரவு, கோடாங்கி விடியும்வரை அந்த வீட்டிலே இருந்தார். தாயின் அழுகையைக் கேட்டார். எப்போது விழுந்தாள், என்ன தின்றாள், யாரோடு சண்டை என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார். அந்தத் தெரு வழியாகத்தான் அன்றிரவு நாம் நடந்துபோனோம். உடுக்கைச் சத்தம் கேட்டது. 'இன்னுமா இந்த மடமை!' என்று நகைத்துவிட்டு நம் அறைக்குப் போய்ப் புத்தகம் படித்தோம். மூன்று வாரம்! அந்த மூன்று வாரத்திலே ஒருமுறை அந்த வாசலிலே நின்று, "இது வலிப்பு நோய், நாளைக் காலை மருத்துவமனைக்குப் போகலாம், நானும் வருகிறேன்" என்று சொல்லியிருந்தால் அந்த முழங்கை வெந்திருக்காதே! கோடாங்கி தவறான விடையோடு உடனிருந்தார். நாம் சரியான விடையோடு ஒதுங்கியிருந்தோம். தோழர்களே, அந்தத் தாய் எவரை நம்புவாள்? நம்மை நம்பாதது அவள் அறியாமையா, நம் ஆணவமா?

அறிவு ஒரு கடன். பெற்றவன் திருப்பிக் கொடுக்க வேண்டும். விளக்கமாகக் கொடுக்க வேண்டும். துணையாகவும் கொடுக்க வேண்டும். விளக்காமல் 'நம்பு' என்பவன் பூசாரி. விளக்கிவிட்டு விலகிப்போகிறவன் வெறும் பேச்சாளன். விளக்கி, உடன் நடப்பவனே தோழன்.

கதையின் முடிவைச் சொல்லிவிடுகிறோம். அறைக் கணக்குப் போட்ட மறுநாள், அந்தச் சிறுவன் மறுபடி வந்தான். அக்காளுக்கும் தாய்க்கும் அட்டையில் எண்களை எழுதிக் காட்டினானாம். அக்காள் கோணல் கணக்கு இல்லாமலேயே முதலில் ஒரு விடை சொல்லித் தவறினாளாம். பிறகு சரியாகச் சொன்னாளாம். "அம்மா என்ன சொன்னார்கள்?" என்றோம். "அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க சார். நாங்க பன்றிக்கறியே தின்னதில்லை. அப்ப அந்தப் புழு எப்படி வந்துச்சுன்னு கேட்டாங்க."

எண்ணிப் பாருங்கள், என்ன அருமையான வினா! பன்றிக்கறியைச் சரியாக வேகவைக்காமல் தின்றவனின் குடலிலே வளர்வது நாடாப்புழு. மூளைக்குப் போவதோ, அந்தப் புழுவின் முட்டையிலிருந்து வரும் இளம்பருவம். முட்டை, குடலில் புழு உள்ளவனின் மலத்தோடு வெளியேறும். வெளிக்குப் போன கையைக் கழுவாமல் பரிமாறிய சோற்றில், மலம் கலந்த தண்ணீரில், கழுவாத கீரையில் அது அடுத்தவர் வாய்க்கு வரும். கறியே தொடாத சைவருக்கும் வரும். எவன் எந்தச் சாதி, எவன் எந்தத் தெரு என்று அந்த முட்டை கேட்பதில்லை. வளையத்தைக் கண்ட மருத்துவரின் விடை, மருத்துவமனையோடு முடியவில்லை. அது ஊருணிக்கு வருகிறது, ஓடைக்கரைக்கு வருகிறது, கழிப்பிடம் இல்லாத வீட்டுக்கு வருகிறது, கை கழுவத் தண்ணீர் இல்லாத பள்ளிக்கூடத்துக்கும் வருகிறது.

மாணவனின் முதல் வினாவுக்கு உரிய விடை இங்கேதான் நமக்குக் கிடைத்தது. 'முனி' என்ற சொல் வந்ததும் கேள்விகள் நின்றுவிட்டன. சேவலை அறு, கயிற்றைக் கட்டு, வாயை மூடு. 'முட்டை' என்ற சொல் வந்ததும் கேள்விகள் பிறக்கத் தொடங்கின. எப்படி வந்தது? எங்கிருந்து வந்தது? இன்னும் யாருக்கு வரும்? தடுக்க யார் என்ன செய்ய வேண்டும்? கேள்வியை மூடும் விடை மூடநம்பிக்கை. கேள்வியைத் திறக்கும் விடை பகுத்தறிவு. இரண்டும் காணாததைப் பற்றியவைதாம். ஒன்று நம்மைப் பணியவைக்கிறது. மற்றொன்று நம்மை எழுந்து நடக்கவைக்கிறது.

கோடாங்கி சொன்ன முனியையும் காணவில்லை, மருத்துவர் சொன்ன புழுவையும் காணவில்லை என்றாளே, அந்தத் தாய். இன்று அவள் குடிதண்ணீரைக் காய்ச்சுகிறாள். பள்ளிக்குக் கழிப்பிடத்தில் தண்ணீர் வேண்டும் என்று ஊராட்சிக்கு எழுதிய மனுவிலே, பெற்றோர் வரிசையில் முதல் கைநாட்டு அவளுடையது. இரண்டாவதாகக் கையெழுத்திட்டிருப்பவள், முழங்கையில் தழும்பு உள்ள அவள் மகள்.